சிங்கப்பூர்க் கள்ளுக்கடையும் சீமை மதுச்சாலையும்

'மலாயாப் பென்சனியர்' என்ற பெயருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் தனி மதிப்பு இருந்தது. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் லிகிதராய் உழைத்து, முதுமையில் ஊர் திரும்பிய அப்பெரியவர்கள், சிங்கப்பூரின் துறைமுகத்தையும் வீதிகளையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால், அந்நகரில் யார் எங்கே எதைக் குடித்தார்கள் என்பதைப் பிள்ளைகளின் முன்னிலையில் அவர்கள் எடுத்துரைத்தது அரிது. குடும்பத்தினர் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியில் மதுச்சாலைக்கு என்ன வேலை என்று தாய்மார் சிலர் புருவத்தை நெரிக்கவும் கூடும். நாம் குடியைப் போற்ற முற்படவில்லை. ஒரு நகரத்தின் ஏற்றத்தாழ்வை அறிய அதன் கோயில்களையும் கடைத்தெருக்களையும் பார்ப்பது போல, அங்கே நிரப்பப்பட்ட கிண்ணங்களையும் பார்க்கலாம் அல்லவா?

சிங்கப்பூரின் மதுச்சாலை என்றதும் உலகத்தார் நினைப்பது ராபிள்ஸ் ஹோட்டலை. ஆர்மேனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887ஆம் ஆண்டில் பீச் ரோட்டில் இதனைத் தொடங்கினர். அன்று கடல் இதன் எதிரிலேயே இருந்தது. பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், இன்று அவ்வீதியின் பெயரில் மட்டுமே கடற்கரை எஞ்சியிருக்கிறது. தோட்டத்துரைமாரும் கப்பற் கம்பனி அதிகாரிகளும் கூடிய காலத்தில் அவர்களுக்கு மிகவும் உவப்பானது 'ஸ்தெங்கா' என்னும் பானம். விஸ்கி பாதி, சோடா பாதி. 'பாதி' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபே அப்பெயர். ஆள வந்தவர் தம் பானத்துக்கு ஆளப்படுவோரின் மொழியிலேயே பெயரிட்டுக்கொண்டது வேடிக்கைதான்.

அந்த ஹோட்டலுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்னும் கலப்பு மது. ஹைனான் தீவிலிருந்து வந்த ஙியாம் தொங் பூன் என்ற சீனப் பரிசாரகர் 1915ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார் என்பது ஹோட்டலார் கூறும் வரலாறு. ஜின்னும் செர்ரிப் பிராந்தியும் அன்னாசிச் சாறும் தேசிக்காய்ச் சாறும் இன்னும் சிலவும் சேர்ந்து, பார்வைக்குச் சர்பத்துப் போல இளஞ்சிவப்பாக இருக்கும். சீமாட்டிகள் பலர் முன்னிலையில் மது அருந்துவது தகாது என்றிருந்த அந்நாளில், பழரசம் போலத் தோன்றும்படி இது செய்யப்பட்டதாம். 1903ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ப் பத்திரிகையிலேயே இளஞ்சிவப்பு ஸ்லிங் பற்றிய குறிப்பு இருப்பதால், முழுப் பெருமையையும் ஒருவருக்கே சூட்டுவது பொருந்தாது என நாம் எண்ணுகிறோம். இன்று ஒரு கிண்ணத்தின் விலை முப்பது வெள்ளிக்கு மேல். அதை விற்கும் 'லோங் பாரில்' கச்சான் கோதுகளை நிலத்தில் வீசுவது பழைய வழக்கம். தெருவிற் குப்பை போட்டாற் குற்றப்பணம் வாங்கும் நகரில், காசு கொடுத்துக் குப்பை போட ஓரிடம் இருக்கிறது!

இனி மற்றைய கிண்ணத்துக்கு வருவோம். அந்நகரின் வீதிகளைச் சமன்செய்தும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் சாக்கடைகளைத் துப்புரவாக்கியும் உழைத்தோருள் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுடைய பானம் கள். நம் ஊர்ப் பனங்கள் அன்று, தென்னங்கள். பாளையிலிருந்து சொட்டும்போது அது தித்திப்பான நீரே. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் அதிற் சேர்ந்ததும் சில மணி நேரத்தில் வெறியம் பிறந்துவிடும். மறுநாளோ புளித்துக் காடியாகத் தொடங்கிவிடும். (முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்படும் என்பதைக் கருப்பநீர் குடித்து வளர்ந்த நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.) இறக்கிய அன்றே குடித்துத் தீர்க்க வேண்டிய பொருளாதலால், அதை விற்கும் கடை தொழிலாளியின் குடியிருப்புக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். அவ்வாறே இருந்தது. நகரில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. மலாயாத் தோட்டங்களிலோ நிருவாகத்தின் கண்காணிப்பிலேயே கள் விற்கப்பட்டது. கள்ளை மூடினால் தொழிலாளர் 'சம்சு' என்னும் கள்ளச்சாராயத்தை நாடி உயிரிழப்பர் என்பது அதிகாரிகள் கூறிய நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், காலையிற் கொடுத்த கூலியின் ஒரு பங்கு மாலையிற் கொடுத்தவர் பக்கமே திரும்பி வருவதில் அவர்களுக்கு வருத்தமும் இருந்திராது.

வருத்தம் தொழிலாளரிடையே எழுந்தது. 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர். எச். நாதன் என்பார் முன்னின்ற வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு, வைத்திய வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றுடன் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. குடிக்கிறவனே கடையை மூடச் சொன்னான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். துரைமாரைக் கண்டால் துவிச்சக்கர வண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கக் கேட்டார்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே அவமானத்தின் கூறுகளாய்த் தோன்றியிருக்க வேண்டும். நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார், படையினர் வரவழைக்கப்பட்டனர், தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

அக்கோரிக்கைகளில் நம்மவர் மகிழ முடியாத ஒன்றும் இருந்தது. கொடுமை செய்யும் ஆங்கிலம் படித்த ஆசிய உத்தியோகத்தரை நீக்கி, தமிழ் படித்தோரை அமர்த்துக என்பதே அது. தோட்டக் கிராணிமாராய் இருந்த அந்த ஆங்கிலம் படித்தோருள் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தவரும் பலர். பென்சனியர் வீட்டுக் கதைகளில் இந்தப் பக்கம் ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

போருக்குப் பின்னர், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த 'தொண்டர் படை' கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. பொலிசாரோடு மோதல் ஏற்பட்டு அங்கும் உயிர்கள் போயின. காந்தியடிகள் சொன்ன மதுவிலக்கு, கடல் கடந்த தோட்டத்தில் கூலியாளின் தன்மானப் போராட்டமாய் மாறியிருந்தது. சிங்கப்பூரின் கள்ளுக்கடைகளோ பிற்பாடு, 1970கள் முடிவதற்குள், ஒவ்வொன்றாக மறைந்தன. 1932இல் வந்த டைகர் பியர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்பொழுது அந்நகரம் ஆசியாவின் பெயர்பெற்ற மதுச்சாலைகள் நிறைந்த இடம். ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜின் வகைகளைக் கோபுரமாய் அடுக்கியிருக்கிறார்கள். அமோய் ஸ்ட்ரீட்டில் விஜய் முதலியார் என்பவர் 2016இல் தொடங்கிய 'நேட்டிவ்', ஐரோப்பியச் சரக்கைத் தவிர்த்து, ஆசிய மது வகைகளையும் உள்ளூர் இலை, பழங்களையும் கொண்டே பானம் கலக்கிறது. எறும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று பேர். தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் மேசையின் அப்புறம் நின்று வெள்ளையருக்குச் சுவையைக் கற்பிப்பதைப் பார்க்க, ஙியாம் தொங் பூன் இல்லையே என்றிருக்கிறது. எனினும் இவை எளியோருக்கு எட்டுபவை அல்ல. 2014இலிருந்து இத்தகைய மது வகைகளிலுள்ள வெறியத்தின் ஒவ்வொரு லீற்றருக்கும் 88 வெள்ளி தீர்வை உண்டு.

எளியோர் எங்கே குடித்தார்கள்? கட்டட வேலைக்கு வந்த தமிழகத்து, வங்கதேசத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவிற் கூடி, கடையில் வாங்கிய பியரைப் புற்றரையில் அமர்ந்து அருந்துவார்கள். 2013 டிசம்பர் 8ஆம் திகதி, ஞாயிறு இரவு, ரேஸ்கோர்ஸ் வீதியில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ் ஒன்றின் அடியில் விழுந்து தமிழகத் தொழிலாளி ஒருவர் மாண்டார். கூடியிருந்தோர் கொதித்தெழுந்து பொலிஸ் வாகனங்களை எரித்தனர். விசாரணைக் குழு, விபத்தைப் பற்றிய தவறான எண்ணத்தோடு மதுவையும் ஒரு காரணமாய்க் கூறிற்று. 2015 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது: இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை நாடெங்கும் பொதுவிடத்திற் குடித்தல் ஆகாது, லிட்டில் இந்தியாவிலோ சனி காலை ஏழு மணி முதல் திங்கள் காலை ஏழு மணி வரை ஆகாது.

தொழிலாளிக்கு விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். உரிமம் பெற்ற மதுச்சாலையின் உள்ளே, முப்பது வெள்ளி கொடுக்க இயன்றவருக்கு, இத்தடை இல்லை.