மஞ்சள் ஆற்றுக் கல்வன மலையோட்ட விபத்து

மஞ்சள் ஆற்றுக் கல்வன மலையோட்ட விபத்து என்பது 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணம், ஜிங்தாய் மாவட்டத்தில் நடந்த 100 கி.மீ. ஓட்டப் போட்டியில் ஏற்பட்ட உயிரிழப்பைக் குறிக்கும். போட்டியில் ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்தனர். நாட்டின் முன்னணி நெடுந்தூர ஓட்ட வீரரான லியாங் ஜிங்கும் அவர்களுள் ஒருவர்.

நிகழ்வு

காலை 9 மணிக்குப் போட்டி தொடங்கியது. நண்பகல் அளவில், 20 முதல் 31 கி.மீ. வரையிலான உயரமான பகுதியில் வீரர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கடுங்காற்றும் ஆலங்கட்டி மழையும் தாக்கின. வெப்பநிலை சட்டென இறங்கியது. இரண்டாம், மூன்றாம் நிலையங்களுக்கு இடைப்பட்ட 8 கி.மீ. தொலைவில் மட்டும் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம் இருந்தது. அங்கு வண்டிகள் செல்ல முடியாது. மூன்றாம் நிலையத்தில் உணவோ குடிநீரோ வைக்கப்படவில்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரவு முழுவதும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். ஆடு மேய்ப்பவர் ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகையில் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

இறப்புக்குக் காரணம்

மனித உடலின் இயல்பான வெப்பநிலை சுமார் 37 பாகை செல்சியசு. அது 35 பாகைக்குக் கீழே இறங்குவதே உடல்வெப்பக் குறைவு எனப்படுகிறது. நனைந்த ஆடை உலர்ந்த ஆடையைவிட மிக விரைவாக உடல் வெப்பத்தை இழக்கச் செய்யும். காற்று அதை மேலும் விரைவாக்கும். முதலில் நடுக்கம் ஏற்படும். பின்னர் கைவிரல்கள் மரத்துப்போகும், பேச்சு குழறும். வெப்பம் மேலும் குறைந்தால் நடுக்கம் நின்றுவிடும், சிந்தனை தடுமாறும். அந்நிலையில் திரும்பிச் செல்ல வேண்டும் என்ற முடிவைக்கூட ஒருவரால் எடுக்க இயலாது. உடல் வலிமை மிக்க வீரரும் இதற்கு விலக்கல்லர்.

குறைபாடுகள்

காற்றுத் தடுப்பு மேலாடை கட்டாயப் பொருளாக அறிவிக்கப்படவில்லை. எடுத்துவரலாம் என்ற பரிந்துரையாக மட்டுமே இருந்தது. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தனர். வானிலை எச்சரிக்கை கிடைத்தும் அமைப்பாளர்கள் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று மாகாண அரசின் விசாரணை கண்டறிந்தது. அதிகாரிகள் பலர் தண்டிக்கப்பட்டனர். இத்தகைய போட்டிகளைச் சீன விளையாட்டுத் துறை நிறுத்திவைத்தது.

பாதுகாப்பு முறைகள்

* காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை, உலர்ந்த மாற்றாடை, ஊதல் ஆகியவற்றை வானம் தெளிவாக இருக்கும்போதும் உடன் வைத்திருத்தல்.
* நடுக்கம் தொடங்கியதுமே ஓட்டத்தை நிறுத்தி, காற்று வீசாத இடத்தில் ஒதுங்குதல் அல்லது தாழ்வான பகுதிக்கு இறங்குதல்.
* பாதிக்கப்பட்டவரின் ஈர ஆடையை அகற்றி, உலர்ந்த துணியால் போர்த்துதல். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுத்தல். மது கொடுக்கக் கூடாது.
* வானிலை மாறினால் போட்டியைத் தள்ளிவைத்தல் அல்லது இடையிலேயே நிறுத்துதல். இது அமைப்பாளர்களின் முதற்கடமையாகும்.