விழுந்து பெறுவதா? விளையாடிப் பெறுவதா?

உடலால் ஆடும் ஆட்டம் ஒன்று. மதியால் ஆடும் ஆட்டம் மற்றொன்று. உதைபந்தாட்டம் முதல் வகையைச் சார்ந்தது. சதுரங்கம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்தாற்போல அமைந்த கணினி விளையாட்டொன்று இன்று உலகெங்கணும் பரவியிருக்கின்றது. ‘புட்போல் மனேஜர்’ என்பது அதன் பெயர். இதனை விளையாடுபவர் பந்தைத் தொடுவதில்லை. அவர் ஓர் அணியின் முகாமையாளர். எவரை அணியிற் சேர்ப்பது, எவரைக் களத்தில் இறக்குவது, எவ்வாறு தாக்குவது, எவ்வாறு காப்பது என்பனவற்றை அவரே தீர்மானிப்பார். பின்னர் ஆட்டம் திரையில் நடைபெறும்; தம் தீர்மானங்களின் பலனை அவர் அமர்ந்திருந்து காண்பார்.

பிள்ளைகள் இரவு நெடுநேரம் கணினியின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டு சலிப்படையும் பெற்றோர் பலர். அச்சலிப்பு முற்றும் நியாயமற்றதென நாம் கூறமாட்டோம். ஆயினும் அப்பிள்ளைகள் தம்முட் பேசிக்கொள்வதைச் சற்றுச் செவிமடுத்தல் நன்று. அவர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. “நமது அணிக்குத் தண்ட உதைகள் கிடைப்பதேயில்லை, கிடைக்கச் செய்வதற்கு என்ன வழி?” என்பதே அது. சிறு வினாவாகத் தோன்றும் இதனுள்ளே பெரியதொரு வினா மறைந்து கிடக்கின்றது. அதனை இங்கு ஆராய்வோம்.

சகோதரர் இருவரின் ஆக்கம்

முகாமையாளராக அமர்ந்து ஆடும் கணினி விளையாட்டு புதிதன்று. 1982ஆம் ஆண்டிலேயே கெவின் ரொம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதே பெயரில் ஒன்றை வெளியிட்டார். எனினும் இன்று நாம் காணும் விளையாட்டின் மூலவர்கள் போல் கொலியர், ஒலிவர் கொலியர் என்னும் சகோதரர் இருவர். தம் இல்லத்தின் படுக்கையறையில் இவர்கள் உருவாக்கிய விளையாட்டு 1992இல் ‘சம்பியன்ஷிப் மனேஜர்’ என்ற பெயரோடு வெளிவந்தது. பின்னர் வெளியீட்டாளரோடு பிரிவு நேர்ந்தமையால், 2004ஆம் ஆண்டு தொடக்கம் அவர்களுடைய விளையாட்டு ‘புட்போல் மனேஜர்’ என்னும் இன்றைய பெயரைப் பெற்றது.

இதன் சிறப்பு யாதெனில், உலகின் பற்பல நாடுகளிலுமுள்ள மெய்யான ஆட்டக்காரர்களின் திறமைகள் இதில் 1 முதல் 20 வரையான எண்களாகக் குறிக்கப்பட்டிருத்தலாம். ஓட்ட வேகம், பந்தைக் கடத்திச் செல்லும் வன்மை, உடற் சமநிலை, மனவமைதி, முடிவெடுக்கும் ஆற்றல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. இவ்விவரங்களைத் திரட்டுவோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகம், ஆட்டக்காரரைத் தெரிவதற்கு இத்தகவற் களஞ்சியத்தைப் பயன்படுத்த 2008இல் ஒப்பந்தம் செய்துகொண்டது என்றால் இதன் பெறுமதியை ஊகித்தறியலாம்.

பன்னிரண்டு யார் தூரம்

தண்ட உதைமேல் ஏன் இத்துணை ஆசை? காரணம் எளிது. ஆட்டத்தின் போக்கிலே கோலை நோக்கி உதைக்கப்படும் பந்துகளுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்றே உள்ளே செல்லும். தண்ட உதைகளிலோ நான்கில் மூன்றுக்குக் குறையாமற் கோலாகும். பன்னிரண்டு யார் தூரத்திலே பந்து. எட்டு யார் அகலமான கோல். எதிரே ஒரேயொரு காப்பாளர். இத்தகைய வாய்ப்பு வேறெவ்வகையிலும் வாய்ப்பதில்லை.

இவ்விதியின் பிறப்பு வரலாறு சுவையானது. அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்து மில்பேர்ட் என்னும் ஊரில், வில்லியம் மக்கிரம் என்பவர் கோல் காப்பாளராக ஆடினார். கோல் விழுவது உறுதியென்ற நிலையிற் பின்கள வீரர்கள் எதிரியை வேண்டுமென்றே இடறி வீழ்த்துவதைக் கண்டு வெறுப்புற்ற அவர், அதற்குத் தண்டனையாக இவ்வுதையை முன்மொழிந்தார். காப்பாளர் ஒருவரே காப்பாளருக்குப் பாதகமான விதியைக் கேட்டமை கவனிக்கத்தக்கது. கனவான்கள் வேண்டுமென்று தவறு செய்வார்கள் எனக் கருதுவதே இழிவு என்று அக்காலத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் 1891ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி, கிளாஸ்கோ நகரிற் கூடிய சர்வதேச விதிச்சபை அதனை ஏற்றுக்கொண்டது. இன்று நாம் காணும் செவ்வகத் தண்ட எல்லையும் உதைக்கும் புள்ளியும் 1902இல் வரையறுக்கப்பட்டன.

ஆகவே, தாக்குபவனை அநீதியினின்றும் காப்பதற்குப் பிறந்ததே இவ்வுதை. இதை மனத்திற்கொண்டு திரையிலுள்ள ஆட்டத்துக்குத் திரும்புவோம்.

திரையில் தண்ட உதை பெறும் வழிகள்

தண்ட எல்லைக்குள்ளே பின்கள வீரன் தவறிழைத்தாலன்றித் தண்ட உதை இல்லை. அவன் எப்பொழுது தவறிழைப்பான்? பந்து தன் முன்னே இருக்கையில் அவனுக்கு அவசரமில்லை. எதிரி தன்னைக் கடந்துவிட்டான், இன்னும் ஒரு நொடியிற் கோல் விழும் என்ற நிலையிலேதான் காலை நீட்டுகிறான், கையாற் பற்றுகிறான், தோளால் இடிக்கிறான். அந்நிலைக்கு அவனை அடிக்கடி உள்ளாக்குவதே முகாமையாளர் செய்யவேண்டியது.

முதலாவது, ஆட்டக்காரரின் தெரிவு. பந்தைக் கடத்திச் செல்லும் வன்மை, தொடக்க வேகம், சமநிலை, சுழன்று திரும்பும் இலாகவம் ஆகிய நான்கிலும் உயர்ந்த எண் பெற்றவரை அணியின் ஓரங்களில் நிறுத்தல் வேண்டும். அவர்களுள்ளும் வலக்காலாற் சிறப்பாக உதைப்பவரை இடப்புறத்திலும், இடக்காலாற் சிறப்பாக உதைப்பவரை வலப்புறத்திலும் நிறுத்துதல் பயன்தரும். ஏனெனில், அத்தகையோர் கோட்டோரமாக ஓடிப் பந்தைத் தூக்கியனுப்புவதிலும் பார்க்க, உட்புறம் வளைந்து தண்ட எல்லைக்குள்ளே பந்தோடு நுழைவதையே நாடுவர்.

இரண்டாவது, அணிக்கு இடும் கட்டளை. தூரத்திலிருந்து உதைக்கும் பழக்கத்தைக் குறைத்து, பந்தை எல்லைக்குள்ளே கொண்டுசெல்லுமாறு பணிக்கலாம். பின்களத்தை நோக்கி நேராகப் பந்தோடு ஓடுமாறும் பணிக்கலாம். முப்பது யார் தூரத்திலிருந்து உதைப்பவனை எவரும் எல்லைக்குள்ளே இடறி வீழ்த்த முடியாதன்றோ!

மூன்றாவது, எதிரணியின் நலிவைக் காணல். அவர்களுடைய பின்கள வீரருள் மெல்ல ஓடுபவர் எவர், பதற்றமுடையவர் எவர், முன்கோபி எவர் என்பதை எண்களே கூறும். மஞ்சள் அட்டை பெற்ற ஒருவர் இருப்பின், அவர் நிற்கும் பக்கத்தாலேயே தாக்குமாறு ஆட்டத்தைத் திருப்பலாம். அவர் துணிந்து குறுக்கிட்டால் இரண்டாம் மஞ்சள் அட்டைக்கு ஆளாகலாம். ஒதுங்கிநின்றால் வழி திறந்துவிடும்.

நான்காவது, காலம் அறிதல். எழுபது நிமிடம் ஓடிக் களைத்த கால்கள் பந்தை எட்டுவதற்குப் பிந்தும். பிந்திய கால் எதிரியின் காலையே தொடும். அவ்வேளையிற் புதிதாக ஒரு வேகமான ஓட்டக்காரனை இறக்குதல் அனுபவசாலிகள் கையாளும் உபாயம்.

இவற்றோடு, உதை கிடைத்தபின் உதைப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே நிரற்படுத்தி வைத்தல் வேண்டும். விழுத்தப்பட்டவரே உதைக்கவேண்டும் என்ற விதி இல்லை. தண்ட உதைத் திறமைக்கென ஓர் எண் தனியாக உண்டு. அதனையும் மனவமைதியையும் சேர்த்து நோக்கித் தெரிதல் நன்று.

தம் பக்கத்தைக் காப்பதற்கும் இதுவே பாடம். பின்கள வீரரை வீறுகொண்டு பாயுமாறு பணித்தால் எல்லைக்குள்ளே தவறுகள் மிகும். தரையிற் சறுக்காது நின்று தடுக்குமாறு பணித்தால் அவை குறையும்.

இல்லாத கட்டளை

முகாமையாளர் இடக்கூடிய கட்டளைகளின் நிரல் இவ்விளையாட்டில் நீண்டது. நேரத்தை இழுத்தடிக்குமாறு பணிப்பதற்குக்கூட அதில் இடமுண்டு. ஆனால் ‘எல்லைக்குள் நுழைந்ததும் விழுந்துவிடு’ என்றொரு கட்டளை அதில் இல்லை. எத்துணை ஆசைப்பட்டாலும் முகாமையாளர் தம் அணிக்கு நடிப்பைப் போதிக்க முடியாது. கோலைத் தேடி ஓடும் அணிக்கே அங்கு தண்ட உதை கிடைக்கின்றது. தண்ட உதையை மட்டும் தேடுபவருக்கு அங்கே ஒரு வழியும் இல்லை.

மெய்யான களத்தின் நிலை வேறு. அங்கே விழுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நடித்து மத்தியஸ்தரை ஏமாற்ற முனைவது தண்டனைக்குரியது என 1999இல் விதியே எழுதவேண்டியதாயிற்று. 2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில், மெக்சிக்கோவுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கணங்களிலே நெதர்லாந்தின் அர்யன் றொபன் வீழ்ந்தார். தண்ட உதை கிடைத்தது. நெதர்லாந்து 2–1 என வென்றது. அவ்வீழ்ச்சி மெய்யானதே என்று கூறிய றொபன், அதே ஆட்டத்தின் முற்பாதியில் வேறொரு தருணத்திலே தாம் நடித்து விழுந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அவருடைய இரண்டாம் வீழ்ச்சியையும் ஐயுறாதார் எத்தனை பேர்? பொய்யொன்று கலந்தபின் மெய்யும் விலைபோவதில்லை.

இதற்கு மாறான காட்சிகளும் உண்டு. 1997ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, ஆர்சனலுக்கு எதிராக ஆடிய லிவர்பூலின் ரொபி பவுலர், காப்பாளர் சீமன் முன்னே வந்தபொழுது வீழ்ந்தார். மத்தியஸ்தர் தண்ட உதை வழங்கினார். பவுலரோ உடனே எழுந்து, ‘அவர் என்னைத் தொடவில்லை’ என்று கையசைத்து மறுத்தார். மத்தியஸ்தர் தம் தீர்ப்பை மாற்றவில்லை. பவுலர் உதைத்தார், சீமன் தடுத்தார், மீண்டுவந்த பந்தை மக்கரியர் என்னும் மற்றொரு லிவர்பூல் வீரர் கோலாக்கினார். 2005இல் ஜேர்மனியின் மிறோஸ்லாவ் குளோசே, வேர்டர் பிரேமன் அணிக்கு ஆடியபொழுது, தமக்குக் கிடைத்த தண்ட உதையைத் தாமே மறுத்துரைத்தார். மத்தியஸ்தர் அதனை ஏற்றுத் தீர்ப்பை மாற்றினார். அன்று அவர்கள் இழக்கத் துணிந்தது ஒரு கோல். இன்றுவரை அவர்களுக்கு நிலைத்திருப்பது நற்பெயர்.

இக்காலத்திற் காணொளி உதவி மத்தியஸ்தர் முறையும் வந்துவிட்டது. 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் அது கையாளப்பட்டபொழுது 29 தண்ட உதைகள் வழங்கப்பட்டன. அதற்கு முன்னர் எந்த உலகக் கிண்ணத்திலும் அத்தனை வழங்கப்பட்டதில்லை. மறைவாகப் பற்றியிழுத்த கைகள் திரையிலே அகப்பட்டன. பொய்யாக விழுந்தவரைக் காட்டிக்கொடுப்பதும் அதே திரைதான்.

பெற்றோர் கேட்கவேண்டியது

திறமை எனப்படுவது எது? எதிரியைத் தவறு செய்யவேண்டிய நிலைக்குத் தள்ளுமளவு நன்றாக ஆடுவதா, அவன் செய்யாத தவறைச் செய்ததாகக் காட்டுவதா? இரண்டுக்கும் பலன் ஒன்றுபோலத் தோன்றும். கோற்கணக்கில் இரண்டும் ஒன்றென்றே எழுதப்படும். களத்தில் மட்டுமன்று, பரீட்சை மண்டபத்திலும் பணியிடத்திலும் நம் பிள்ளைகள் எதிர்கொள்ளப்போகும் வினாவும் இதுவே. கேட்டுப் பெறும் சலுகைக்கும் உழைத்துப் பெறும் உரிமைக்கும் உள்ள வேற்றுமையை அறிவுரையால் உணர்த்துதல் அரிது. விளையாட்டு அதனை எளிதாக உணர்த்திவிடும்.

ஆதலின், மகனோ மகளோ கணினியின் முன் அமர்ந்து தண்ட உதைக்கு வழிதேடும்பொழுது வெறுமனே கடிந்துகொள்ளாது, அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, “எப்படித் தாக்கப் போகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் விளக்கிக் கூறுவார்கள். கூறி முடித்தபின், “சரி, இனி நித்திரைக்குப் போ” என்று சொன்னாலும் மனத்தாங்கலின்றிக் கேட்பார்கள்.