வன்தட்டு காணாமல் போனால் முதலில் காதைக் கொடுங்கள்

தீபாவளிக்குப் பழைய படங்களைப் பார்க்கலாம் என்று வன்தட்டை மடிக்கணினியில் செருகுகிறீர்கள். சின்ன விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கழற்றி மறுபடி செருகுகிறீர்கள். அப்போதும் இல்லை. பத்தாண்டுப் படங்கள், பிள்ளையின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் கடைசி வீடியோ எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான். வயிற்றைக் கலக்கும்.

அந்த நிமிடத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வன்தட்டு 'தெரியவில்லை' என்பதும் உள்ளே இருப்பது 'அழிந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. பல நேரங்களில் படங்கள் பத்திரமாகவே இருக்கும், அவற்றை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கும். பதற்றத்தில் அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் காரியங்கள்தான் நல்ல தரவையும் உண்மையாகவே அழித்துவிடுகின்றன.

வானொலி வேலையில் ஒலிப்பதிவுகளோடு புழங்குவதால், குருபோங் வட்டாரத்தில் தெரிந்தவர்கள் பேசாத வன்தட்டை என்னிடம் கொண்டுவருவது உண்டு. நான் கணினிப் பொறியாளன் அல்ல. ஆனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியும்.

முதலில் கேபிள், பிறகு மின்சாரம்

எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். வேறொரு கேபிள் போட்டுப் பாருங்கள். வெளிப்புற வன்தட்டுகளின் அகலமான முனை எளிதில் தளர்ந்துவிடும். விளக்கு எரிய மின்சாரம் போகும், ஆனால் தரவு போகும் கம்பி தொடாமல் நிற்கும். இன்னொரு யூஎஸ்பி துளையில் செருகுங்கள். இன்னொரு கணினியிலும் பாருங்கள்.

யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதைக் கழற்றி நேரடியாகக் கணினியில் செருகுங்கள். பழைய யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் மின்சாரம் தரும், 3.0 துளை 900 வரை தரும். மின்சாரம் போதாவிட்டால் உள்ளிருக்கும் தட்டு சுழலத் தொடங்கி, திணறி, நின்றுவிடும். மேசைக் கணினிக்குள் இருக்கும் வன்தட்டு என்றால், மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, அதில் செருகியிருக்கும் இரண்டு கேபிள்களையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள்.

மேசையில் வைக்கும் பெரிய வெளிப்புற வன்தட்டுக்குத் தனி அடாப்டர் உண்டு. பெரும்பாலும் 12 வோல்ட். வீட்டில் அதே மாதிரி முனையுள்ள மடிக்கணினி அடாப்டரும் கிடக்கும். அது பெரும்பாலும் 19 வோல்ட். இந்த இரண்டும் மாறிப்போவதுதான் நான் அடிக்கடி காணும் விபத்து.

எங்கள் தாமானில் இருக்கும் ஓர் அக்காவுக்கு அதுதான் நடந்தது. வீடு மாறியபோது அடாப்டர்கள் கலந்துவிட்டன. யாரோ ஒன்றை எடுத்துச் செருக, விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லை. அந்த வன்தட்டில் அவருடைய அம்மாவின் குரல் இருந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தது, விடியற்காலையில் பெரட்டுக்குப் போனது, பால் வாளியோடு கணக்குப் பார்க்க நின்றது என்று அந்த அம்மா பேரப்பிள்ளைக்குச் சொன்ன கதைகள். அம்மா இப்போது இல்லை. வேறு நகலும் இல்லை. முதலில் போன கடையில், "எல்லாம் போச்சு, வேறு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

உண்மையில் போனது ஒரு கடுகளவு பாகம். பல வன்தட்டுகளின் மின்பலகையில், அதிக வோல்ட் வந்தால் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றும் ஒரு டயோடு இருக்கும். நம் வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது கருகி மின்சாரத்தை மறித்துவிட்டால் தட்டு சுழலாது. மின்பலகை பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பாகத்தைச் சோதித்து எடுத்துவிட்டு, சரியான அடாப்டரில் இணைத்தபோது தட்டு சுழன்றது. அன்றே எல்லாவற்றையும் வேறொரு வன்தட்டுக்கு மாற்றினார்கள். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'செத்துப் போச்சு' என்ற சொல்லை நம்பி அக்கா அதைக் குப்பையில் போட்டிருந்தால் அந்தக் குரலும் அதோடு போயிருக்கும்.

ஓசை சொல்லும் செய்தி

கேபிளும் மின்சாரமும் சரி என்றால், வன்தட்டின் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே கண்ணாடி போல மின்னும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டு ஓடுகிறது. ஒரு தூசியே அதற்கு மலை மாதிரி.

சீரான மெல்லிய இரைச்சல் கேட்டால் நல்ல அறிகுறி. தட்டு சுழல்கிறது, சிக்கல் மென்பொருளிலோ இணைப்பிலோ இருக்கலாம். எந்த ஓசையும் அதிர்வும் இல்லை என்றால் மின்சாரமோ மின்பலகையோ காரணமாக இருக்கலாம். 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரே தாளத்தில் தட்டினால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்று பொருள். கீச்சென்று உரசும் ஓசை அதைவிட மோசம்.

தட்டும் ஓசையோ உரசும் ஓசையோ கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று போட்டுப் பார்க்காதீர்கள். பழுதான முனை ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டின் மேற்பூச்சைச் சுரண்டக்கூடும். அந்தப் பூச்சில்தான் உங்கள் படங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

கணினிக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை

ஓசை சீராக இருந்தால், விண்டோஸில் கீழேயுள்ள தொடக்கப் பொத்தானில் வலது சொடுக்கு செய்து 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' என்பதைத் திறங்கள். கணினி தன்னோடு இணைந்திருக்கும் எல்லா வன்தட்டுகளையும் அங்கே வரிசையாகக் காட்டும்.

உங்கள் வன்தட்டு 'ஹெல்தி' என்று தெரிந்தும் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து இல்லாவிட்டால், ஓர் எழுத்தை ஒதுக்கினாலே போதும், உடனே வந்துவிடும். 'ரா' என்று காட்டினால், கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை சிதைந்திருக்கலாம். நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருக்க, பட்டியல் ஏடு மட்டும் கிழிந்துபோன நிலை அது. 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று கேட்டால், அது கடையிலிருந்து வாங்கிவந்த புது வன்தட்டாக இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். பழைய படங்கள் உள்ள வன்தட்டு என்றால் தொடவே தொடாதீர்கள்.

அதேபோல 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கும். கேட்கிற தோரணையைப் பார்த்தால் அதுதான் தீர்வு போலத் தோன்றும். கல்யாண வீட்டார் இதில் கவனமாக இருக்க வேண்டும். படக்காரர் மேக் கணினியில் வேலை செய்து, அதற்கேற்ற அமைப்பிலேயே வன்தட்டைக் கொடுத்திருந்தால், விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. உடனே ஃபார்மட் கேட்கும். வன்தட்டில் ஒரு குறையும் இருக்காது. 'சரி' என்று அழுத்தினால் கல்யாணப் படம் முழுக்கப் போய்விடும். இன்னொரு வீட்டில் இருக்கும் மேக் கணினியில் செருகிப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

உலகமே பார்த்த ஒரு பாடம்

தெரியாமல் போன வன்தட்டு வெறுமையான வன்தட்டு அல்ல என்பதற்குப் பெரிய சாட்சி 2009ஆம் ஆண்டில் கிடைத்தது. சீகேட் நிறுவனத்தின் பராகுடா 7200.11 வகை வன்தட்டுகள், நேற்றுவரை நன்றாக ஓடியவை, மறுநாள் கணினியைத் திறந்ததும் காணாமல் போயின. கணினி தொடங்கும்போது வன்பொருள்களைச் சரிபார்க்கும் பயாஸ் திரையில்கூட அவை வரவில்லை. சில, கொள்ளளவு பூச்சியம் என்று காட்டின.

முனையோ தட்டோ பழுதாகவில்லை. வன்தட்டுக்குள்ளேயே ஒரு சிறு மென்பொருள் ஓடுகிறது, அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். தனக்கு நேர்ந்தவற்றை அது ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கும். அந்தப் பதிவேட்டின் எண்ணிக்கை குறிப்பிட்ட ஓர் எண்ணில் நிற்கும்போது மின்சாரம் நிறுத்தப்பட்டால், அடுத்த முறை வன்தட்டு தன் தொடக்க வேலையை முடிக்க முடியாமல் தனக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. 2008 டிசம்பர் வரை தயாரான சில வகைகளில் இந்தக் குறை இருந்ததை நிறுவனம் 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. தரவு தட்டிலேயே இருக்கிறது என்றும் அறிவித்தது. திருத்திய ஃபர்ம்வேரை இலவசமாகக் கொடுத்தது. சிக்கிய வன்தட்டுகளிலிருந்து தரவை மீட்டுத்தரவும் முன்வந்தது.

முதலில் அவசரமாக வெளியிட்ட திருத்தமே சில 500 கிகாபைட் வன்தட்டுகளை முடக்கிப்போட்டது. அதைத் திரும்பப் பெற்று, சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். இதற்கிடையில் பொறுமையுள்ள சிலர், பழைய நோக்கியா கைப்பேசியைக் கணினியோடு இணைக்கும் கம்பியை வன்தட்டின் பின்புற ஊசிகளில் பொருத்தி, சில கட்டளைகளைக் கொடுத்து அதை எழுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த கோப்புகள் ஒன்றும் குறையாமல் வந்தன. 'போயிற்று' என்று குப்பையில் எறிந்தவர்களின் வன்தட்டிலும் அதே கோப்புகள் இருந்திருக்கும்.

கைவைத்தியம் வேண்டாம்

வன்தட்டைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் உயிர்வரும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த வன்தட்டை வெளியே எடுத்தால் உள்ளே நீர் கோக்கும், அது கேடு. திறந்து பார்க்கவும் கூடாது. வீட்டுக் காற்றின் தூசி ஒன்றே போதும், முனையைச் சிதைக்க. அதே வகை வன்தட்டிலிருந்து மின்பலகையை மாற்றுவதும் பெரும்பாலும் பயன் தராது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய அளவீடுகள் பலகையில் உள்ள ஒரு சில்லில் இருக்கும். அதையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்தது என்றால் வெயிலில் காயவைத்து, ஓடுகிறதா என்று சோதிக்காதீர்கள். சேறு தட்டில் படிந்திருக்கும். மின்சாரம் கொடுக்காமல் அப்படியே நிபுணரிடம் கொண்டுபோங்கள். இடி மின்னல் அடித்த மாலைக்குப் பிறகு வன்தட்டு பேசாமல் போனால், அதையும் கடையில் மறக்காமல் சொல்லுங்கள். மின்பலகையை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு அது வழிகாட்டும்.

ஓசை சீராக இருந்து, 'ரா' என்று மட்டும் காட்டினால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் உதவும. ஆனால் முதல் வேலை, வன்தட்டை அப்படியே இன்னொரு வன்தட்டுக்கு நகலெடுப்பது. மீட்பு முயற்சியை நகலில் செய்யுங்கள். மீட்ட கோப்புகளை அதே வன்தட்டில் எழுதிவிடாதீர்கள்.

மீட்பு நிலையத்துக்குப் போவது என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்துப் பார்க்க எவ்வளவு? தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? வன்தட்டைத் திறக்க வேண்டி வந்தால் தூசியற்ற அறை இருக்கிறதா? முனை மாற்ற வேண்டிய வேலைக்குச் செலவு புது வன்தட்டின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். உள்ளே இருப்பது பதிவிறக்கிய சினிமாவா, பாட்டியின் குரலா என்று யோசித்து முடிவெடுங்கள்.

புதிய மடிக்கணினிகளில் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வருகிறது. அது வேகமானது, விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் அது சாகும்போது ஓசை கொடுக்காது, முன்னறிவிப்பும் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டும் சேர்ந்து வருகிறது. அதன் 48 இலக்க மீட்பு எண்ணை இப்போதே தேடி எழுதிவையுங்கள். அது இல்லாமல் நிபுணராலும் உள்ளே போக முடியாது.

ஒரே பிரதி என்பது பிரதியே அல்ல

மலாக்காவில் பால் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று தாமான்களும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. லயங்கள் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. கோயில் திருவிழாப் படமும், கிராணி வீட்டின் முன் எடுத்த குடும்பப் படமும் கரையான் அரிக்கும் முன் யாரோ ஒரு பிள்ளை கணினியில் ஏற்றிவைத்ததால் மிஞ்சியிருக்கின்றன. பல குடும்பங்களில் அந்தத் தோட்டம் இன்று ஒரு வன்தட்டுக்குள்தான் இருக்கிறது. சுழலும் எந்தப் பொருளும் ஒருநாள் நிற்கும்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் படக்கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு எளிதானது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். ஒன்று கணினியில், ஒன்று வெளிப்புற வன்தட்டில், ஒன்று மேகக் கணிமையிலோ ஜொகூரில் இருக்கும் தம்பி வீட்டிலோ. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்று இல்லாமல் மஞ்சள் நிறம் காட்டினால், அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

அடாப்டர் ஒவ்வொன்றிலும் எந்தக் கருவிக்கு உரியது என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். வன்தட்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள்.