கடகட சத்தம், நழுவும் செயின்... இ-சைக்கிளில் பிரச்னை மோட்டாரிலா, செயினிலா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

இ-சைக்கிளில் ஏறி மிதித்ததும் ‘கடக்... கடக்’ என்று சத்தம் வந்தால், பலருக்கும் வரும் முதல் பயம், ‘ஐயோ, மோட்டார் போயிடுச்சா?’ என்பதுதான். சர்வீஸுக்கு எவ்வளவு கேட்பார்களோ என்ற கவலை அடுத்தது. ஆனால், இப்படி வரும் சத்தங்களில் பலவற்றுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இருக்காது. சாதாரண சைக்கிளில் வரும் அதே செயின், கியர் கோளாறுகள்தான். எந்தப் பக்கம் பிரச்னை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், தேவையில்லாத செலவும் மிச்சம், நடுரோட்டில் செயின் அறுந்து விழும் ஆபத்தும் இல்லை.

உங்கள் சைக்கிள் எந்த வகை?

இந்தியாவில் விற்கும் இ-சைக்கிள்களில் பெரும்பாலானவை ஹப் மோட்டார் வகை. அதாவது, மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். பெரும்பாலும் பின் சக்கரத்தில். நீங்கள் மிதிக்கும் சக்தி செயின் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். மோட்டாரோ செயினைத் தொடாமல் சக்கரத்தை நேரடியாகச் சுற்றும். ஒரே சக்கரத்துக்கு இரண்டு தனி வழிகள். கோளாறைக் கண்டுபிடிக்க இதுதான் நமக்கு வசதி.

விலை கூடிய சில மாடல்களில் மோட்டார் பெடலுக்கு நடுவில் இருக்கும். இது மிட் டிரைவ். இதில் கால் சக்தி, மோட்டார் சக்தி இரண்டுமே ஒரே செயின் வழியாகத்தான் போகும். அதனால் செயின் சீக்கிரம் தேயும்.

கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்

பேட்டரியை ஆஃப் செய்து, முடிந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பெடல் சுற்றுவதை உணரும் சென்சார் இருப்பதால், ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினாலே மோட்டார் ஓட ஆரம்பிக்கலாம். சுழலும் சக்கரத்திலோ செயினிலோ விரல் மாட்டினால் பெரிய காயமாகிவிடும்.

இரண்டே சோதனைகள்

ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் ஓட்டிப் பாருங்கள்.

சோதனை 1: மோட்டாரை ஆஃப் செய்துவிட்டு, வெறும் காலால் மிதியுங்கள். இப்போதும் சத்தம் வந்தால், செயின் நழுவினால், பிரச்னை செயின், கியர், பெடல் பக்கம்.

சோதனை 2: பெடலைத் தொடாமல் த்ராட்டிலில் மட்டும் ஓட்டுங்கள். ஹப் மோட்டார் வண்டியில் இப்போது செயினுக்கு வேலையே இல்லை. சத்தம் இப்போது மட்டும் வந்தால், மோட்டார் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் ஒரே சத்தமா? சக்கரத்தைப் பாருங்கள். லூஸான ஸ்போக்ஸ், தேய்ந்த பேரிங், டிஸ்க்கில் உரசும் பிரேக் பேட் என ஏதாவது ஒன்று இருக்கலாம். மிட் டிரைவ் வண்டிக்கு முதல் சோதனை மட்டும்தான் பொருந்தும்.

செயின் நழுவினால் ஸ்கேலை எடுங்கள்

செயின் தேய்மானத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, அடுத்து வரும் 24-வது பின்னைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். 1/16 அங்குலம் (சுமார் 1.6 மி.மீ.) தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றிவிடலாம். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால், பின் சக்கரத்தின் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால், புதுச் செயின் பழைய பற்களில் உட்காராமல் முன்பைவிட மோசமாக நழுவும். ‘புதுசு போட்டும் சரியாகலையே’ என்று பலர் குழம்புவது இங்கேதான்.

செயின் நன்றாக இருந்தும் கியர் சரியாக விழவில்லையா? கேபிள் லூஸாகியிருக்கலாம். பின் கியரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மறுபக்கம் திருப்புங்கள். ஆனால், சைக்கிள் வலது பக்கமாகக் கீழே விழுந்த பிறகு பிரச்னை ஆரம்பித்திருந்தால், ஓட்டாதீர்கள். கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். அது ஸ்போக்ஸில் மாட்டினால் சக்கரமே ‘லாக்’ ஆகிவிடும்.

மிதித்தும் மோட்டார் வரவில்லையா?

த்ராட்டிலில் ஓடுகிறது, மிதித்தால் மட்டும் வரவில்லை என்றால், பெடல் அருகே உள்ள சென்சாரையும் காந்த வட்டையும் பாருங்கள். சேறு அடைத்திருக்கலாம், வட்டு விலகியிருக்கலாம்.

இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால், முதலில் பேட்டரி கனெக்டர், அடுத்து பிரேக் லீவர். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் லீவரில் இருக்கும். லீவர் முழுதாகத் திரும்பாவிட்டால், நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். இதற்காக அந்த ஒயரை நிரந்தரமாகத் துண்டிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் வண்டியை முன்னால் தள்ளும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* பைக்கோடு சேர்த்து ‘வாட்டர் சர்வீஸ்’ விடாதீர்கள். அழுத்தமான தண்ணீர் பேரிங், கனெக்டர், மோட்டாருக்குள் புகுந்துவிடும். ஈரத்துணியும் பிரஷும் போதும்.

* செயின் மேல் கிரீஸ் அப்பாதீர்கள். மண் ஒட்டி, உப்புத்தாள்போலத் தேய்க்கும். செயின் லூப் விட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்தால், அன்றே துடைத்துக் காய வையுங்கள்.

* ‘கன்ட்ரோலரை மாத்தி ஸ்பீடு ஏத்தித் தரேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மோட்டார் திறன் 250 வாட்ஸுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டிருப்பதால்தான் இ-சைக்கிளுக்குப் பதிவும் லைசென்ஸும் தேவைப்படுவதில்லை.

எப்போது மெக்கானிக்?

சோதனை 2-ல் மட்டும் கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால், மோட்டாருக்குள் இருக்கும் சின்ன பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம். ஓடாமல் அதிர்ந்து நின்றால் ஒயர், சென்சார் பிரச்னையாக இருக்கலாம். இரண்டையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், வாரன்ட்டி போய்விடக்கூடும். பின் சக்கர அச்சின் நட் லூஸாக இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். அச்சு சுழன்றால் மோட்டார் ஒயர் அறுந்துவிடும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், ‘மிதிச்சா வருது, த்ராட்டில்ல வரலை’ என்று சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு வேலை சுலபம். உங்களுக்கு பில்லும் குறையலாம்.