ஏரியில் பாதித் தண்ணீர்தான்... யாருக்கு எவ்வளவு?

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் கவனித்துப் பாருங்கள். யாரோ அடுக்கி வைத்தது போன்ற பாறைக் குன்றுகள், குன்றுக்குக் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே வயல். வல்லம் ஒன்றியத்தின் பல ஊர்கள் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

இங்கே வற்றாத ஆறு கிடையாது. ஆண்டுக்கு சுமார் 1,000 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரை மீதி மாதங்களுக்குக் காப்பாற்றித் தருவதுதான் ஏரியின் வேலை.

மழை பொய்த்தால்? 2016-ல் பொய்த்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

மதகுச் சாவி யார் கையில்?

வறட்சி நம் முன்னோருக்கும் புதிதல்ல. ஏரி நிரம்பாத வருஷத்தில் ஊர் கூடிப் பேசும். எத்தனை காணிக்குத் தண்ணீர் பாயும் என்று கணக்குப் போட்டு, முறைவைத்துப் பாய்ச்சுவார்கள். இலங்கையின் உலர் வலயக் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குளத்துக்கு அருகில் உள்ள நிலத்தை மட்டும் எல்லோரும் பங்கு பிரித்துப் பயிர் செய்வார்கள். ‘பெத்ம’ என்று அதற்குப் பெயர்.

நம் ஊரில் தண்ணீரைப் பங்கிட்டவர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மடை மாற்றுவது, கடைமடை வரை கொண்டு சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி, அறுவடையில் கொஞ்சம் நெல். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவை தலித் குடும்பங்கள். ஆயக்கட்டில் தனக்கென்று நிலம் இல்லாதவரே மற்றவர்களுக்கு நியாயமாகத் தண்ணீர் பிரித்துக் கொடுத்தார் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு போர்வெல் வந்தது. பம்ப்செட் வைத்திருப்பவருக்கு ஊர்க் கூட்டம் தேவைப்படவில்லை. வரத்து வாய்க்காலில் முள் மண்டியது, ஏரி தூர்ந்தது. ஆனால், நிலத்தடி நீரை ஊறவைப்பதும் அதே ஏரிதான்! ஏரி வறண்டதும் முதலில் வற்றுவது சிறு விவசாயியின் கிணறு. வசதி உள்ளவர் இன்னும் ஆழமாகத் துளை போடுவார். இல்லாதவர் வேலை தேடி சென்னைக்கு பஸ் ஏறுவார்.

பயிரிலும் இருக்கு சேமிப்பு

ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும். நிலக்கடலைக்கு அதில் பாதிகூட வேண்டாம், சுமார் 500 மி.மீ. போதும். ‘டி.எம்.வி.’ என்ற பெயரில் வரும் கடலை ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எழுத்துகள் குறிப்பது நம் திண்டிவனத்தைத்தான்! அங்குள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை.

எதைப் பயிரிடுவது என்பதை ஊரே கூடி முடிவு செய்து ஜெயித்த கிராமம், மகாராஷ்டிராவின் ஹிவாரே பஜார். ஒவ்வொரு வருஷமும் மழையை அளந்து தண்ணீர் பட்ஜெட் போடுகிறார்கள். முதல் ஒதுக்கீடு குடிநீருக்கும் கால்நடைக்கும். மிச்சம்தான் பயிருக்கு. பாசனத்துக்கு போர்வெல் போடத் தடை. இதை முன்னின்று நடத்திய போபட்ராவ் பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நாம் என்ன செய்யலாம்?

* மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடும். ‘ஏரியில் எவ்வளவு இருக்கிறது, முதலில் யாருக்கு?’ என்று கேளுங்கள். குடத்தோடு அலையும் பெண்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

* ஏரி வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். கோடையில்தான் அதற்கு நேரம்.

* 500 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரு குழாயும், ஒரு தொட்டியும் போதும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

* பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகட்டும்.

ஏரி நிறைந்திருக்கும்போது பங்கு போடுவது சுலபம். பாதி ஏரியை எப்படிப் பங்கு போடுகிறோம் என்பதில்தான் ஊரின் ஒற்றுமை தெரியும். அடுத்த வறட்சி வருவதற்கு முன்பே அதைப் பேசி முடித்துவிடுவோம்!