அருணாசலமும் அபிஷிக்தானந்தரும்

தமிழகத்திற்குச் சமயப்பணி கருதிப் போந்த மேலைநாட்டாரை ஆராயுங்கால், அவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினையே நாம் பெரிதும் எடுத்துரைக்கின்றோம். இருபத்து நான்கு வயது நிரம்பும் தறுவாயில், 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் அச்சுக்கலையின் வளர்ச்சியால் நினைக்கப்படுகின்றார். 1839இல், பத்தொன்பதாம் வயதில் சென்னைக்கு வந்த போப்பையர், 1900இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பால் போற்றப்படுகின்றார். இவை போற்றற்குரியனவே. ஆயினும், இவ்வளவுகோல் ஒருபாற்பட்டது. வந்தவர் தமிழுக்கு யாது தந்தார் என வினவும் நாம், தமிழ்நிலம் வந்தவர்க்கு யாது தந்தது என வினவுவதில்லை. இவ்விரண்டாம் வினாவுக்குரிய சான்றாகத் திருவண்ணாமலையில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி ஒருவரின் வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஆன்றி லெ சோ என்னும் இயற்பெயருடைய அவர், பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் 1910ஆம் ஆண்டு பிறந்தார். 1929இல் கெர்கொனான் என்னும் இடத்துள்ள பெனடிக்டு சபைத் துறவியர் மடத்திற் சேர்ந்தார். இந்தியாவிற்குச் செல்லவேண்டும் என்னும் வேட்கை இளந்துறவியாய் இருந்தபொழுதே, 1934ஆம் ஆண்டளவில், அவருள்ளத்தில் எழுந்தது. அவ்வேட்கை நிறைவேறப் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1948இல் இந்நாட்டை அடைந்து, 1939 முதல் தமிழகத்தில் பணிபுரிந்துவந்த மொன்சானின் என்னும் குருவானவருடன் குளித்தலையில் தங்கித் தமிழ் பயிலத் தொடங்கியபொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஆண்டுகளால் முதிர்ந்தவரேனும், இந்நிலத்திற்கு அவர் இளையவரே.

அவர் கொண்டுவந்த நோக்கமும் தெளிவாக அறியத்தக்கது. இந்தியத் துறவுநெறியைப் போற்றி ஏற்று, அதனைக் கிறித்துவில் நிறைவெய்தச் செய்தல் வேண்டும் என்பதே அந்நோக்கம். அதாவது, நிறைவு தம்மிடத்தும் குறை பிறரிடத்தும் உள்ளன என்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருந்தது.

இந்நிலையில், 1949ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மொன்சானினுடன் அவர் திருவண்ணாமலைக்கு வந்து இரமண முனிவரைக் கண்டார். முதற்காட்சி அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பெரிதாக ஒன்றை எதிர்நோக்கி வந்தவர்க்கு, அமைதியாக அமர்ந்திருந்த முதியவர் ஒருவரும் அவரைச் சூழ்ந்த வழிபாட்டு முறைகளுமே புலப்பட்டன. ஆயின், அங்கு ஒலித்த வேதபாராயணம் அவருள்ளத்தை நெகிழ்வித்தது. அந்நாளில் திருவண்ணாமலையில் வாழ்ந்த எதெல் மெர்சுடன் என்னும் ஆங்கில அம்மையார், அவர் பெருஞ்சுமையோடு வந்திருப்பதாகவும், அறியவும் விளங்கிக்கொள்ளவும் விரைவதை விடுத்துக் காலியான உள்ளத்தோடு இருத்தல் வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அன்றிரவே அவருக்குக் காய்ச்சல் கண்டது. அறிவின் காவல் தளர்ந்த அவ்வேளையில், தாம் பகலிற் கண்டும் கேட்டும் இருந்தவை உள்ளே ஊடுருவியதைப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். கற்பிக்க வந்தவர் கேட்கத் தொடங்கிய இடம் இதுவே என யாம் கருதுகின்றோம்.

1950ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், குளித்தலையை அடுத்த காவிரிக்கரையில், மொன்சானினும் அவரும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என வழங்குவது அதுவே. அங்கு அவர்கள் காவியுடை உடுத்தனர்; லெ சோ அபிஷிக்தானந்தர் ஆயினார். துறவுக்கோலம் பூணுதல் புதுமையன்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி முன்னரே அதனை மேற்கொண்டவர். எனினும் இருவரிடையே வேறுபாடு உண்டு. நொபிலிக்குக் கோலம் கேட்போரை அணுகும் வழி. அவர் கொள்கை அதனால் அசையவில்லை. அபிஷிக்தானந்தர்க்கோ, புறத்தே பூண்ட காவி நாளடைவில் அகத்தை வினவலாயிற்று.

சாந்திவனம் தோன்றிய சில வாரங்களில், ஏப்பிரல் 14ஆம் நாள், இரமணர் மறைந்தார். முனிவர் மறைந்தபின் மலையே ஆசானாயிற்று என்னலாம். 1952 முதல் சில ஆண்டுகள், அபிஷிக்தானந்தர் அடுத்தடுத்து வந்து அருணாசலத்தின் குகைகளில் தனித்து உறைந்தார். மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய தலமாகவும், குகை நமசிவாயர் உறைந்த மலையாகவும் நாம் அறிந்த இடம் இது. 1896இல் பதினாறு வயதுச் சிறுவராய் வந்த இரமணர் விரூபாட்ச குகையில் ஆண்டுகள் பல கழித்ததும் இம்மலையிலேதான். ஆகவே, அவர் புகுந்தது வெறுங்குகையன்று; நெடிய மரபொன்றின் உறைவிடம்.

அங்குப் பெற்ற அமைதியோடு பெருந்துன்பமும் வந்தது. இறைவனும் உயிரும் இரண்டல்ல என்னும் அத்துவித அனுபவத்தை அவரால் மறுக்க இயலவில்லை. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொருமைக் கொள்கையைத் துறக்கவும் அவர் ஒருப்படவில்லை. இரண்டனுள் ஒன்றுக்கேனும் தாம் பொய்யாக நடக்கின்றோமோ என்னும் அச்சம், அவர்தம் நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் எழக் காண்கின்றோம். உடனுறைந்த மொன்சானினுக்கும் இவ்வழி உடன்பாடாக இல்லை. இரண்டும் எளிதில் இணையும் என அவர் நம்பவில்லை, நண்பரைப்பற்றிக் கவலையுற்றார், 1957இல் பாரிசு நகரில் காலமானார்.

1955ஆம் ஆண்டின் இறுதியில், திருக்கோவலூரையடுத்த தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளை அபிஷிக்தானந்தர் கண்டார்; தம் குருவாகவே அவரை மதித்தார். இச்சந்திப்பைப்பற்றி அவர் எழுதிய நூல் 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. சுவாமிகளைத் தமிழ்நாட்டின் ஞானாசிரியர் என அந்நூலின் தலைப்பே குறிக்கின்றது. முதலாழ்வார் மூவரும் இடைகழியில் நெருங்கி நின்ற ஊர் திருக்கோவலூர் என்பது தமிழறிந்தார்க்கு நினைவில் எழும். குளித்தலையில் பணிக்கெனப் பயின்ற தமிழ், இங்கே பணிந்து கேட்டற்குரிய மொழியாயிற்று.

இவர் வரலாற்றை ஆராய்வோர் சான்றுகளின் தன்மையைப் பகுத்தறிதல் வேண்டும். திருவண்ணாமலை வாழ்வைப்பற்றிய அவருடைய நினைவுநூல் 1978இல் பிரெஞ்சிலும், அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அது நிகழ்ந்தவற்றைப் பின்னோக்கி ஒழுங்குபடுத்தியது. இரைமன் பணிக்கர் பதிப்பிக்க 1986இல் வெளிவந்த நாட்குறிப்போ, அன்றன்று எழுந்த ஐயங்களை அவ்வாறே காட்டுவது. முன்னதனை மட்டும் படிப்போர்க்கு அவர் அமைதியுற்ற ஞானியாகத் தோன்றுவார். பின்னதனையும் ஒப்பிட்டுக் காண்போர்க்கே அவ்வமைதியின் விலை புலனாகும்.

அவர் இந்து சமயத்திற்கு மாறினார் என்பாரும், காவியுடை மதமாற்றத்திற்கு இட்ட வேடமே என்பாரும் உளர். இருதிறத்தார் கூற்றும் பொருந்துமாறில்லை. 1960இல் அவர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1968இல் சாந்திவனத்தைப் பீட் கிரிபித்சு அடிகளிடம் ஒப்படைத்து வடக்கே இமயச்சாரல் சென்றார். 1973 திசம்பர் 7ஆம் நாள் இந்தூரில் மறைந்தார். இறுதிவரை கிறித்தவக் குருவாகவே இருந்தார். அருணாசலத்தில் பெற்றதையும் மறுத்தாரல்லர். மாறியவர் என்றால் அவருடைய துன்பம் பொருளற்றதாகும். வேடமிட்டவர் என்றாலும் அவ்வாறேயாம்.

அபிஷிக்தானந்தர் நமக்கு அகராதி தரவில்லை, இலக்கணம் இயற்றவில்லை. எனவே, நம் இலக்கிய வரலாறுகளில் அவருக்கு இடமின்றிப் போயிற்று. ஆயின், தமிழ்நிலத்தின் துறவுமரபு அயல்நாட்டு உள்ளமொன்றினுள் எத்துணை ஆழம் செல்லவல்லது என்பதற்கு அவர் வாழ்வினும் சிறந்த சான்று அரிது. கொடுத்தோர் பட்டியலோடு கொண்டோர் வரலாற்றையும் சேர்த்து எழுதும்பொழுதே, சமயத் தொடர்புகளைப்பற்றிய நம் ஆராய்ச்சி முழுமைபெறும்.