நம்பத்தகுந்த தோட்ட ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுக்கு அழகு தோட்டம். பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வீடு கட்டி முடித்ததும், வாசலில் நாலு பூஞ்செடியும் சிறிது புல்தரையும் இருந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசை எழுவது இயல்பு. முன்பெல்லாம் நாமே மண்ணைக் கொத்திச் செடி வைத்தோம். இன்று அந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கிறோம். அவர் நம்பத்தகுந்தவர்தானா என்று அறிவது எப்படி?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மிகக் குறைந்த தொகை கேட்டவரிடமே வேலையைக் கொடுத்தோம். மூன்றே நாளில் புல்தரை பச்சைக் கம்பளம்போல் விரிந்தது. மகிழ்ந்து முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். இரண்டு மாதத்தில் புல் திட்டுத் திட்டாய்ப் பழுத்துக் கருகியது. தோண்டிப் பார்த்தால், நான்கு விரற்கடைச் செம்மண்ணுக்கு அடியில் செங்கல் துண்டுகளும் சிமென்ட் கட்டிகளும்! மேலே தெரிந்த பச்சையைப் பார்த்தோமே தவிர, கீழே இருந்த மண்ணைப் பார்க்கவில்லை.

அதில் கற்ற முதல் பாடம் இது: நல்ல ஒப்பந்தக்காரர் விலை சொல்லுமுன் கேள்வி கேட்பார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? கிணற்று நீர் உப்பா, நல்ல நீரா? மழைநீர் எங்கே தேங்குகிறது? ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்ப்பார். மறுநாள் காலையிலும் நீர் வடியாமல் நின்றால், வடிகாலுக்கு வழி செய்த பிறகே செடி வைக்கலாம் என்பார். புல்தரை போடுவதென்றால் ஓர் அடி ஆழமாவது மண்ணைக் கொத்தி, கல்லை நீக்கி, மக்கிய எரு கலக்க வேண்டும் என்பதையும் சொல்வார்.

இரண்டாவது, நமக்குப் பிடிக்காத உண்மையையும் அவர் சொல்ல வேண்டும். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டாலும், 1,000 சதுர அடிக்கு ஏறக்குறைய 465 லிட்டர் ஆகிறது. குடத்துக்கு 15 லிட்டர் என்றால் முப்பது குடத்துக்கு மேல்! தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில், "புல்லைக் குறைத்துச் செம்பருத்தியும் எலுமிச்சையும் வையுங்கள்" என்பவரே நம் நலம் நாடுபவர். முற்றம் முழுவதும் சிமென்ட் தளம் போட்டு மழைநீரைத் தெருவுக்கு அனுப்புபவரை நம்பலாகாது. தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டதை அவர் அறிந்திருக்க வேண்டும். அரசையும் ஆலையும் சுவரோரம் நடச் சொல்பவரும் வேண்டாம்; அவற்றின் வேர் சுவரையே பிளந்துவிடும்.

மூன்றாவது, அவர் சென்ற வாரம் முடித்த தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஓராண்டுக்கு முன் அமைத்த தோட்டத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாங்கிய செடிகளே அவருக்குச் சரியான சாட்சி. அந்த வீட்டுக்காரரிடம், "பணம் வாங்கிய பின்னும் வந்து பார்த்தாரா?" என்று கேட்பது நல்லது.

நான்காவது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை லோடு மண், எவ்வளவு எரு, எந்தச் செடி எத்தனை, பட்டுப்போன செடியை எத்தனை மாதம்வரை மாற்றித் தருவார் என்பன குறிக்கப்பட வேண்டும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுக்கலாம்: தொடக்கத்தில் ஒரு பகுதி, மண் வேலை முடிந்து நாம் தோண்டிப் பார்த்த பின் ஒரு பகுதி, செடிகள் வேர்பிடித்த பின் மீதி.

கடைசியாக ஒன்று. மதிப்பீடு மிகக் குறைவாயிருந்தால், யாருடைய கூலி குறைகிறது என்று கேட்க வேண்டும். இயேசுபிரான் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், கடைசியாக வந்த வேலையாளுக்கும் முழு நாள் கூலி கொடுத்தார் தலைவர். வெயிலில் நமக்காக மண் சுமக்கும் பெண்ணுக்கு உரிய கூலியை மாலையில் தவறாமல் கொடுப்பவர், நம் மண்ணிலும் வஞ்சனை செய்ய நாணுவார். நாமும் பேரம் பேசும்போது அந்தப் பெண்ணை நினைவில் வைப்போமாக!